பியூலாவிடம் கேட்காத முதல் கேள்வி

1

ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் இன்றைக்கும் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். அந்தமானுக்குப் பாஸ்போர்ட் வேண்டுமா? அந்த ஜெயில் உங்கள் வீட்டுக்குப் பக்கமா? வேண்டாம், பக்கம் இல்லை என்று முப்பத்தோரு வருடமாகச் சலிக்காமல் பதில் சொல்லி வருகிறேன். கடல் தாண்டி வந்தேனே தவிர நாடு தாண்டி வரவில்லை. ஆனாலும் நாங்கள் இங்கே தமிழ்நாட்டை ‘மெயின்லேண்ட்’ என்றுதான் சொல்கிறோம், என்னவோ வேறு கிரகம்போல. பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக எங்களுக்கு ஐலண்டர் கார்டு உண்டு. நீ இந்தத் தீவின் ஆள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. கப்பலில் இடம் வாங்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

சில மாதங்களுக்கு முன்னால் என் மகள் பியூலாவின் கார்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பியூலாவுக்கு இருபத்தாறு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம், கேரம் போர்டில் கூசாமல் கள்ள ஆட்டம் ஆடுவாள். எங்கள் வீடு போர்ட் பிளேரில் ஜங்லிகாட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. அன்று காலையில் அவளே நீலச் சுடிதாரை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆபீஸ் திறப்பதற்கு முன்பே என்னைக் கிளப்பிவிட்டாள்.

கவுண்டரில் சங்கு வளையல் போட்ட ஒரு வங்காளப் பெண் இருந்தார். நான் வாத்தியார் என்பது அவருக்குத் தெரியும். பெயர் கேட்டார். “பியூலா” என்றேன். தகப்பன் பெயர் கேட்டார், சொன்னேன். விலாசம் கேட்டார், அதையும் சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“மாஸ்டர்ஜி, ஆப்ஸே நஹீ பூச்சா. கார்டு இஸ்கா ஹை.”

உங்களிடம் கேட்கவில்லை, கார்டு இவளுடையது என்கிறார். அதட்டலாகச் சொல்லவில்லை, ஒரு விஷயத்தைத் தெரிவிப்பதுபோலத்தான் சொன்னார். பிறகு கவுண்டர் மேல் குனிந்து பியூலாவிடம் முதலிலிருந்து தொடங்கினார். “பேட்டா, ஆப்கா நாம்?” மகளே, உங்கள் பெயர் என்ன என்று.

பியூலா என் முகத்தைப் பார்த்தாள். யாராவது கேள்வி கேட்டால் என்னைப் பார்ப்பது அவள் பழக்கம். பதிலை நான் சொல்லிவிடுவது என் பழக்கம். நான் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விடுவது கேட்டது. அந்த அம்மாளுக்கு எந்த அவசரமும் இருந்ததாகத் தெரியவில்லை.

“பியூலா” என்றாள் கடைசியில். எங்கே இருக்கிறாய் என்றதற்கு, “ஜங்லிகாட். பானி டங்கி கே பீச்சே” என்றாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அந்த அம்மாள் அதை அப்படியே எழுதிக்கொண்டார். கட்டைவிரலை வைக்கச் சொன்னார், வைத்தாள். “ஹோ கயா. ஜாவோ” என்றார். முடிந்தது, போகலாம்.

திரும்பி வரும்போது ஆட்டோக்காரரிடம் பியூலா, அதே குரலில், “ஆப்கா நாம்?” என்று கேட்டாள். அவரும் சிரிக்காமல் பெயரும் விலாசமும் சொன்னார். தன் உள்ளங்கையை நீட்டி அதில் கட்டைவிரலை வைக்கச் சொன்னாள், சிவப்பு விளக்கில் நிற்கும்போது வைத்தார். “ஜாவோ” என்றாள். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற யாரும் பெயர் சொல்லாமல் உள்ளே நுழைய முடியவில்லை. பால்காரர், எதிர்வீட்டு இராமநாதபுரத்துக்காரர் என்று எல்லோரும் கட்டைவிரல் வைத்தார்கள்.

எனக்கு மட்டும் ஆட்டோவிலேயே முகம் சுட்டது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

2

நான் இங்கே தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதோடு இருபது வருடத்துக்கும் மேலாக எங்கள் தமிழ்ச் சபையில் திடப்படுத்தல் வகுப்பு நடத்தி வருகிறேன். விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சபை முறையில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து பதினான்கு, பதினைந்து வயதில் விசுவாசத்தைத் தன் வாயால் அறிக்கையிட வேண்டும். மெயின்லேண்டிலிருந்து பேராயர் வந்து தலையில் கைவைத்து ஜெபிப்பார். அதன்பிறகுதான் திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கலாம். இங்கே பேராயர் வருவது சில வருடங்களுக்கு ஒருமுறை.

நெல்லைச் சீமையில் என் ஊர்க் கோவிலில் நான் இதே வகுப்பில் படித்தபோது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்புவித்து முதலாவதாக வந்தேன். பேராயர் என் கன்னத்தைத் தட்டினார். சொன்னதில் பாதிக்கு அர்த்தம் தெரியாது என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பெருமையோடுதான் கப்பல் ஏறினேன். இங்கே வகுப்பு என் கைக்கு வந்ததும் சபைக் கமிட்டியில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். விசுவாசப் பிரமாணம், கட்டளைகள், கர்த்தர் கற்பித்த ஜெபம் என்ற மூன்று பாடங்களையும் தமிழில் மனப்பாடமாக ஒப்புவிக்க முடியாதவர்களைப் பேராயரிடம் அனுப்புவதில்லை என்பது தீர்மானம். மினிட்ஸ் நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

தீவில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டுக்குள் மட்டும்தான். வாசல் தாண்டினால் ஹிந்தி. பெங்காலிப் பையன், தெலுங்குப் பையன், மலையாளப் பையன் எல்லோரும் சேர்ந்து விளையாட வேறு வழி கிடையாது. என்னையே என் பிள்ளைகள் ஹிந்திக்காரர்கள் முறையில் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஊருக்குப் போனபோது தகப்பனைக் குழந்தையாக்கிவிட்டார்களே என்று என் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். இந்தப் பிள்ளைகள் விசுவாசப் பிரமாணத்தை ஹிந்தி எழுத்தில் எழுதி வைத்துப் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்புவிப்பார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் ‘பாஸ்’ போட்டேன். என் மகன் ஜாஷ்வா அப்படித்தான் ஒப்புவித்து முதலாவதாக வந்தான். இப்போது புனேயில் வேலை பார்க்கிறான். கோவிலுக்குப் போகிறாயா என்று கேட்டால் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவான்.

பியூலாவுக்குப் பதினான்கு வயதானபோது அவளையும் வகுப்பில் உட்காரவைத்தேன். வாத்தியார் மகளுக்குச் சலுகை என்று ஒருவரும் பேசிவிடக் கூடாது, அதுதான் என் கவலை. அதனால் எல்லாருக்கும் முன்னால் அவளை முதலில் எழுப்பி, கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லச் சொன்னேன். மூன்றாவது வரி வரைக்கும் சொன்னாள். பிறகு அந்த மூன்றாவது வரியையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். “போய் அம்மாகிட்ட உட்காரு” என்று அனுப்பிவிட்டேன். அவள் வகுப்புக்கு வந்தது அந்த ஒரு நாள்தான்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் திருவிருந்து ஞாயிறுகளில் பியூலா செருப்புக்குக் காவல் இருந்தாள். நாங்கள் பீடத்துக்குப் போகும்போது செருப்பை இருக்கைக்குக் கீழே கழற்றிவிட்டுப் போவோம். எல்லோரும் எழுந்து போனபின் அவள் குனிந்து, அந்த வரிசைச் செருப்புகளை எல்லாம் சோடி சேர்த்து, திரும்பி வருகிறவர்கள் அப்படியே காலை நுழைக்கும்படி நடைபாதையைப் பார்த்துத் திருப்பி வைப்பாள். யார் செருப்பு எது என்று அவளுக்கு அத்துப்படி. நல்ல பிள்ளை என்று எல்லோரும் அவள் தலையைத் தடவிவிட்டு உட்காருவார்கள். நானும்தான்.

இப்போது முகம் சுட்ட காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கேள்வி பதிலாக அமைந்த எங்கள் ஞானோபதேசப் பாடத்தில் முதல் கேள்வி ஜெபமும் இல்லை, கட்டளையும் இல்லை. பிள்ளையிடம் அதன் பெயரைக் கேட்பதுதான் முதல் கேள்வி. அந்தப் பெயரை யார் கொடுத்தது என்பது இரண்டாவது. இருபது வருடமாக நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் அதைக் கேட்டிருக்கிறேன். என் மகளிடம் மட்டும் கேட்கவில்லை. அவளால் எது முடியாதோ அதிலிருந்து ஆரம்பித்தேன். சங்கு வளையல் போட்ட, எங்கள் பாடத்தை ஒருநாளும் பார்த்திராத ஓர் அம்மாள் அவளிடம் முதல் கேள்வியை முதலில் கேட்டுவிட்டார்.

3

ஓய்வு பெற்றவனுக்கு யோசிக்க நேரம் உண்டு. காலையில் மின்னி பே கடற்கரை வரைக்கும் நடை, திரும்பி வந்து தேநீர், பிறகு பேப்பர். கார்டு ஆபீஸுக்குப் போய்வந்த பிறகு ஒரு மாதம் அந்த நடையில் நான் யோசித்தது ஒன்றே ஒன்றைத்தான். ஓர் ஆளை ஆள் ஆக்குவது எது?

தேவன் மனிதனைத் தம்முடைய சாயலில் படைத்தார் என்று சொல்லிக்கொடுக்கிறோம். சாயல் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் நான் நெற்றியைத் தொட்டுக் காட்டுவேன். அறிவு, நினைவு, பகுத்துப் பார்க்கிற சக்தி. பெரிய பெரிய வேத பண்டிதர்களே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், பகுத்தறிவு உள்ள தனி உயிரே ஆள் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது இரண்டு மணி நேரம் நான் மயக்கத்தில் கிடந்தேன். அப்போது எனக்கு அறிவும் இல்லை, நினைவும் இல்லை, ஒரு வரி ஒப்புவிக்க வக்கும் இல்லை. அந்த இரண்டு மணி நேரம் நான் ஆளாக இல்லையா? வெளியே உட்கார்ந்திருந்த என் மனைவி மெர்சியிடம் கேட்டிருந்தால் செருப்பாலேயே பதில் சொல்லியிருப்பாள். நான் ஆளாகத்தான் கிடந்தேன், வெளியே ஒருத்தி என் பெயரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டு இருந்தாள்.

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவரை மூன்று ஆள்தத்துவங்கள் என்று வகுப்பில் நடத்துகிறேன். ஆண்டுதோறும் சொல்லியும் எனக்கே ஒன்று உறைக்கவில்லை. மகன் இல்லாமல் தகப்பன் என்கிற பெயர் ஏது? அங்கே ஒருவர் இன்னார் என்பதே இன்னொருவரோடு உள்ள உறவில்தான் இருக்கிறது. தனியாக உட்கார்ந்து யோசிப்பதால் ஒருவர் ஆள் ஆகிவிடுவதில்லை, கூப்பிடப்படுவதால் ஆகிறார். எங்கள் நம்பிக்கையின் உச்சியிலேயே இது இருக்கும்போது, கீழே ஜங்லிகாட்டில் மட்டும் நான் மார்க் போட்டுக்கொண்டு இருந்தேன்.

ஞானஸ்நானத்தையே எடுத்துக்கொள்வோம். குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. அழும், இல்லாவிட்டால் தூங்கும். அதன் சார்பில் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் பதில் சொல்லுவார்கள். ஆயர் பெயர் சொல்லித் தண்ணீர் ஊற்றுவார். யாரும் அந்தக் குழந்தையிடம், உனக்குப் புரிந்ததா என்று கேட்பதில்லை. முதலில் சேர்த்துக்கொள்கிறோம், புரிவது அதன் பின்னால் வரும், அவரவர் அளவுக்கு வரும். எனக்கு இன்னும் முழுக்க வந்தபாடில்லை.

ஊரில் என் உறவினர் ஒருவர் முன்பு, மிகவும் மரியாதையான குரலில், வயிற்றில் இருக்கும்போதே ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கலாமே என்று என்னிடம் கேட்டார். பியூலா அப்போது என் மடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டு இருந்தாள். அன்றிலிருந்து அவரோடு நான் பேசுவதில்லை. அது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் ஒரு காலை நடையில் எனக்கு வேறொன்று தட்டுப்பட்டது. அவருடைய கேள்வியும் மினிட்ஸ் நோட்டில் இருக்கிற என் தீர்மானமும் ஒரே தரையில்தான் நிற்கின்றன. இன்னின்னது முடிந்தால்தான் உள்ளே இடம் என்று இருவருமே சொல்கிறோம். அவர் வயிற்று வாசலில் நின்று சொன்னார், நான் கோவில் வாசலில் நின்று சொன்னேன். அங்கேயே கடற்கரைச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

4

பேராயர் வரப்போகிறார் என்று கடிதம் வந்தது. பெயர்ப் பட்டியல் அனுப்ப வேண்டும். ஏழு பிள்ளைகளின் பெயருக்குக் கீழே எட்டாவதாகப் பியூலாவின் பெயரை எழுதி மெர்சியிடம் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, மீன் கழுவின கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“பன்னெண்டு வருசம் கழிச்சு வந்து சொல்லுதிய. அன்னைக்கு நீங்க வெளிய அனுப்புன பிறகு அவ என்கிட்ட வந்து உக்காந்து, அந்த மூணாவது வரிய சொல்லிக்கிட்டே இருந்தா. இன்னைக்கும் படுக்கும்போது அதத்தான் சொல்லுதா. உங்களுக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. உமது ராஜ்யம் வரட்டும் என்று கேட்கிற வரி அது. அதை ஒருநாள் தவறாமல் கேட்டுக்கொண்டு இருக்கிறவளை, மீதி வரிகள் வரவில்லை என்று நான் வெளியே வைத்திருந்தேன். மெர்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். முதலில் மகளிடம் கேளுங்கள் என்றாள். பியூலாவிடம் போய் நின்றேன். அவள் என்னிடம் பெயரும் விலாசமும் கேட்டுவிட்டு, கட்டைவிரலை வாங்கிக்கொண்டாள்.

சபைக் கமிட்டியில்தான் முட்டியது. மறுத்தவர் தங்கராஜ் அண்ணாச்சி. ஜங்லிகாட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், எனக்குப் பத்து வருடம் முந்தி கப்பல் ஏறியவர். பியூலாவின் ஞானத்தகப்பனும் அவரேதான். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் முதல் ஆளாகக் கேக்கோடு வருவார். கெட்ட மனிதர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவர் பயத்தில் பேசினார்.

“வாத்தியாரே, அது பரிசுத்தமான பந்தி. தன்னத்தானே சோதிச்சுப் பாத்துட்டுத்தான் சேரணும். புரியாம வாங்கினா அந்தப் புள்ளைக்கே குத்தமாயிரும். இதெல்லாம் நீங்க எழுதின தீர்மானம்தானே?”

ஆமாம் என்றேன். மினிட்ஸ் நோட்டைப் பிரித்து என் கையெழுத்தைக் காட்டி, இது தப்பு, இதை எழுதியவன் என்கிற முறையில் சொல்கிறேன் என்றேன். சோதித்துப் பார்ப்பது என்றால் என்ன அண்ணாச்சி என்று கேட்டேன். பக்கத்தில் இருப்பவன் பசித்திருக்க நாம் மட்டும் தின்கிறோமா என்று பார்ப்பதும் அதில் உண்டு. பன்னிரண்டு வருடமாக நாம் எல்லாரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம், அவள் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்படிப் பார்த்தால் சோதனையில் தேறாதவர்கள் நாம்தான். நான் குரலை உயர்த்திவிட்டேன் போலிருக்கிறது. எங்கள் இளம் ஆயர் இரண்டு பேரையும் கையமர்த்தி, பேராயரே சோதித்து முடிவு சொல்லட்டும் என்றார். அண்ணாச்சி அதற்கு ஒத்துக்கொண்டார். பேராயர் வேண்டாம் என்றால் வேண்டாம், அதன்பிறகு அவள் பெயரை எடுக்கக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அடுத்த பேராயர் வருகை எப்போதோ, அப்போது நான் இருப்பேனோ தெரியாது. இருந்தாலும் கொடுத்தேன்.

5

ஆராதனைக்கு முந்தின நாள் மாலையில் கோவிலில் சோதனை. பேராயர் பீடத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வயதானவர், காது கொஞ்சம் மந்தம், ஹிந்தி சுத்தமாகத் தெரியாது. எட்டுப் பேரும் முன் வரிசையில், பெற்றோர்களும் கமிட்டிக்காரர்களும் பின்னால்.

முதல் பெண் விசுவாசப் பிரமாணத்தை ஒரே மூச்சில் கொட்டினாள். அடுத்த பையன் கட்டளைகளை. பேராயர் அவனைத் தட்டிக்கொடுத்துவிட்டு, இப்போது சொன்னதில் ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டார். பையன் திருதிருவென்று விழித்து என்னைப் பார்த்துவிட்டு, “சார் ஸிர்ஃப் யாத் கர்னே கோ போலா” என்றான். பேராயர் விளங்காமல் என் பக்கம் திரும்பினார். மனப்பாடம் செய்ய மட்டுமே சார் சொன்னார் என்கிறான், ஐயா என்று நானே எழுந்து மொழிபெயர்த்தேன். பின் வரிசையில் யாரோ இருமினார்கள்.

கடைசியாகப் பியூலா. அவள் எழுந்து நிற்கும்போதே அண்ணாச்சியும் பின்னால் எழுந்து, தன் ஆட்சேபணையை மரியாதையாகச் சொன்னார். புரியாது ஐயா, அதுதான் பயம் என்று முடித்தார். பேராயர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவரை உட்காரச் சொன்னார். பிறகு பியூலாவிடம், “உன் பேர் என்ன அம்மா?” என்றார்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். கார்டு ஆபீஸில் கற்றுக்கொண்ட பாடம் அது. என் பக்கத்தில் மெர்சியின் விரல்கள் சேலை முந்தியை முறுக்கிக்கொண்டு இருந்தன.

“பியூலா. ஜங்லிகாட். பானி டங்கி கே பீச்சே.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அர்த்தம் தெரியாமல் விழித்த அந்தப் பையனே, “வாட்டர் டேங்க் பின்னாடி” என்று பேராயருக்கு எடுத்துச் சொன்னான். பேராயர் தலையசைத்தார். “சரி. இந்தப் பேரை உனக்கு யாரு வச்சது?”

பியூலா என்னைக் கைகாட்டினாள். மெர்சியைக் காட்டினாள். அதோடு நிற்காமல் வரிசையை விட்டு வெளியே வந்து, நடைபாதை வழியே பின் வரிசைக்கு நடந்தாள். தங்கராஜ் அண்ணாச்சியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் வரமாட்டேன் என்று இருக்கையைப் பிடித்துக்கொண்டார். பிடிவாதத்தில் அவளிடம் யார் ஜெயிக்க முடியும்? முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

“அங்கிள்” என்றாள். “ஃபோட்டோ மே. அங்கிள் பகடா.”

இதில் அதிசயம் ஏதும் இல்லை. ஒவ்வொரு பிறந்தநாளிலும் மெர்சி ஞானஸ்நானப் படத்தை எடுத்து, யார் யார் என்று அவளுக்குக் காட்டுவாள். கறுத்த மீசையோடு வெள்ளை உடுப்புக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் அண்ணாச்சி. பாடமாக நடத்தாத அந்த ஒரு பாடத்தை அவள் மறக்கவில்லை.

நான் பேராயரிடம், படத்தில் தன்னைக் கையில் பிடித்திருப்பவர் இவர் என்கிறாள் ஐயா என்றேன். பேராயர் அண்ணாச்சியை அண்ணாந்து பார்த்தார்.

“அன்னைக்கு இவ பதில் சொன்னாளா?”

“இல்ல ஐயா. அழுதா. நான்தான் அவளுக்காகச் சொன்னேன்.”

“அந்தப் பதில் இப்பவும் நிக்குதா?”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். துடைப்பார் என்று நினைத்தேன், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இருபத்தாறு வருடத்துக்கு முந்தி இதே இடத்தில், இதே ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவர். பியூலா மணிக்கட்டை விடவில்லை.

“நிக்குது ஐயா” என்றார். “குத்தம் ஏதும் வந்தா எம்மேல வரட்டும்.”

பேராயர் பட்டியலை எடுத்து எட்டாவது பெயருக்கு நேரே குறி போட்டார். நாளைக்கு நீங்களும் இவளோடு வந்து நில்லுங்கள் என்று அண்ணாச்சியிடம் சொன்னார். மெர்சி வாய்விட்டு அழுதாள். நான் அவளைத் தேற்ற முயற்சி செய்யவில்லை, என்னைத் தேற்றவே ஆள் தேவைப்பட்டது. அன்று இரவு புனேக்குப் போன் செய்து ஜாஷ்வாவிடம் நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை அவன் மழையைப் பற்றிப் பேசவில்லை. “பாப்பா, நாளைக்கு வீடியோ கால் போடுறீங்களா?” என்று கேட்டான்.

6

ஞாயிற்றுக்கிழமை பேராயர் எட்டுப் பேரின் தலையிலும் கைவைத்து ஜெபித்தார். பியூலா வெள்ளைச் சுடிதாரில் அண்ணாச்சியின் பக்கத்தில் முழங்காலிட்டாள். பிறகு எல்லோரும் அவரவர் இருக்கைக்கு வந்தோம். திருவிருந்து தொடங்கியது. புதிதாகத் திடம் பெற்றவர்கள் முதலில் போக வேண்டும் என்பது வழக்கம்.

பியூலா எழுந்தாள். செருப்பைக் கழற்றினாள். அப்படியே நின்றுவிட்டாள். அண்ணாச்சி முழங்கையைத் தொட்டார், நகரவில்லை. மற்ற ஏழு பேரும் பீடக் கிராதிக்கு முன்னால் போய் முழங்காலிட்டுவிட்டார்கள். பேராயர் கையில் அப்பத் தட்டோடு எங்கள் வரிசையைப் பார்க்கிறார். கோவில் முழுக்கப் பார்க்கிறது. இத்தனை பாடுபட்டு இந்த இடத்தில் வந்து கெடுகிறதே என்று எனக்கு வியர்த்துவிட்டது.

அவள் கீழே பார்த்துக்கொண்டு இருந்தாள். பீடத்துக்குப் போக எங்கள் வரிசைக்காரர்கள் கழற்றிவிட்ட செருப்புகள் அங்கே தாறுமாறாகக் கிடந்தன. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் போய்விட்டால் இதை யார் பார்ப்பார்கள்?

“நீ போம்மா. நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

அவளுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. என் தோளைப் பிடித்து அழுத்தி, தன் இடத்தில் என்னை உட்காரவைத்தாள். குனியச் சொல்லிச் செருப்புகளைக் காட்டினாள். நான் ஒரு சோடியை எடுத்துத் திருப்பி வைத்த பிறகுதான் அண்ணாச்சியோடு நடந்தாள்.

நான் குனிந்து செருப்பு அடுக்கினேன். அண்ணாச்சியின் பழைய தோல் செருப்பு, மெர்சியின் குதி தேய்ந்த செருப்பு, யாருடையவோ ரப்பர் செருப்பு. எவை எவை சோடி என்று கண்டுபிடிப்பதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு வருடம் நான் தடுத்து வைத்திருந்த அந்த நிமிடத்தை நான் பார்க்கவே இல்லை, இருக்கைக்குக் கீழே இருந்தேன். கேட்க மட்டும் செய்தேன். அத்தனை அமைதியில், கோவில் முழுக்கக் கேட்கும்படி, “தேங்க்யூ” என்று ஒரு குரல்.

திரும்பி வந்தாள். உதட்டோரம் ரசம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. உட்காருவதற்கு முன் என் வேலையைப் பார்த்தாள். அண்ணாச்சியின் செருப்பில் இடது வலதை மாற்றி வைத்திருக்கிறேன். “பாப்பா, ஐஸே நஹீ”, இப்படி இல்லை என்று அலுத்துக்கொண்டே குனிந்து சரி செய்தாள். ஒவ்வொருவராக வந்து காலை நுழைத்தார்கள். அண்ணாச்சி தன் செருப்பைப் போடாமல் அவள் பக்கத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்துவிட்டார்.

கோவிலில் எல்லோரும் போய் வந்தாயிற்று. இன்னும் யாராவது உண்டா என்று ஆயர் கேட்டார். நான்தான் பாக்கி. செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்தேன். நடைபாதைக்குப் போக வேண்டுமென்றால் பியூலாவைத் தாண்ட வேண்டும். அவள் காலை நீட்டி வழியை மறித்தாள். முகத்தைக் கார்டு ஆபீஸ் முகமாக வைத்துக்கொண்டாள்.

“மாஸ்டர்ஜி, ஆப்கா நாம்?”

“ஞானராஜ்” என்றேன். விலாசத்தையும் சொன்னேன். உள்ளங்கையை நீட்டினாள், கட்டைவிரலை வைத்தேன்.

“ஜாவோ” என்றாள். போனேன்.